மாற்றுவழியும் மீளடைப்பும்

மருத்துவ வரலாற்றிலே வெற்றிகள் எனப் போற்றப்படுவன பல. அவ்வெற்றிகளின் எல்லையை மனிதன் உணர்ந்துகொண்ட வரலாறோ அவற்றினும் பயனுடையது. இருதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுருநாடிகள் அடைபட்டவிடத்து, காலினின்றும் எடுத்த நாளத்தையேனும் மார்பின் உட்புறத்துள்ள நாடியையேனும் பொருத்திக் குருதிக்கு வேறொரு வழி சமைக்கும் சத்திரசிகிச்சை, பைபாஸ் என்னும் பெயரால் இன்று யாவரும் அறிந்ததொன்றாகும். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த மருத்துவச் சாதனைகளுள் இதனையும் ஒன்றாக வைத்தெண்ணுதல் தகும். ஆயினும், இச்சிகிச்சை பெற்றோருட் பலர் பத்தாண்டோ பதினைந்தாண்டோ கழிந்தபின் மீண்டும் நெஞ்சு நோவுற்று வைத்தியசாலையை அடைகின்றனர். புதிய அடைப்புகள் தோன்றியுள்ளன என்று வைத்தியர் கூறுங்கால் அவர்தம் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே. அன்று பட்ட துன்பமெல்லாம் வீணாயிற்றோ என்பதே அவ்வினா. அதற்குரிய விடையைச் சத்திரசிகிச்சை நூல்களில் மாத்திரமன்றி, அச்சிகிச்சை வளர்ந்த வரலாற்றிலும் காணலாம்.

நோயை அறிந்த வகை

நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, நின்றவுடன் தணியும் ஒருவகை நோவினை 1768 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கழகத்தின் முன் எடுத்துரைத்தவர் வில்லியம் ஹெபர்டன் ஆவர். அவர்தம் உரை 1772 இல் அச்சேறியது. நோயின் குணங்குறிகளைத் திட்பமாக வகுத்த அவர், அதன் காரணத்தை அறிந்தாரல்லர். அம்மைத்தடுப்பு முறையினால் புகழ்பெற்ற எட்வேட் ஜென்னர், இந்நோயால் இறந்தோரின் முடியுருநாடிகள் தடித்துச் சுண்ணம்போல் இறுகியிருத்தலைக் கண்டு காரணத்தை ஊகித்தார். தம் ஆசானாகிய யோன் ஹண்டர் அந்நோயினாலேயே வருந்துகின்றார் என அறிந்த ஜென்னர், அவர் மனம் நோகும் என அஞ்சித் தம் கருத்தை வெளியிடாது வைத்திருந்தார். ஹண்டர் 1793 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வைத்தியசாலைக் கூட்டமொன்றில் நிகழ்ந்த வாக்குவாதத்தின் பின் திடீரென இறந்தார். அவருடலைப் பரிசோதித்தபோது ஜென்னரின் ஊகம் மெய்யாயிற்று. நோயாளனுக்கு உண்மையை உரைப்பதா மறைப்பதா என்னும் இடர்ப்பாடு இந்நோயின் வரலாற்றில் தொடக்கத்திலேயே எழுந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலான காலம் கழிந்தபின், 1912 இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக், முடியுருநாடி குருதிக்கட்டியால் திடீரென அடைபடினும் நோயாளன் உயிர்பிழைத்தல் கூடும் என நிறுவினார். அஃது அக்காலத்திற் பெருந்துணிவான கூற்று. எனினும் பிழைத்தவர்க்கு வைத்தியர் அளிக்கக்கூடியதாயிருந்தது வாரக்கணக்கான படுக்கை ஓய்வு ஒன்றே. அத்தகைய நீண்ட படுக்கை நன்மையினும் தீமையே பயக்கும் எனவும், நோயாளரை நாற்காலியில் அமர்த்தல் நலம் எனவும் 1952 இல் சாமுவேல் லெவைன் எடுத்துக்காட்டியபின்னரே அவ்வழக்கம் மெல்ல மாறத்தொடங்கியது.

வழி சமைத்தோர்

அடைபட்ட நாடிக்கு மாற்றுவழி அமைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரும்பிற்று. குருதிக்கலன்களை ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் முறையை வகுத்து 1912 இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரல், நாய்களின் இருதயத்தில் இதனைச் செய்து பார்த்தார். ஆனால் துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தில், ஒரு சில மில்லிமீற்றர் விட்டமேயுள்ள நாடியைத் தைத்தல் மனிதரிடத்து இயலாத செயலாகவே அன்று தோன்றியது. 1950 இல் மொன்றியால் நகரத்து ஆதர் வைன்பேர்க், உள்மார்பு நாடியை இருதயத் தசையினுள்ளே புதைத்துவைக்கும் முறையொன்றைக் கையாண்டார். காலப்போக்கில் அந்நாடி தானாகவே கிளைவிட்டு இருதயத்தின் குருதிக்கலன்களோடு இணையும் என்பது அவர் நம்பிக்கை. பலர் ஐயுற்ற அம்முறை சிலரிடத்துப் பயன்தந்தமை பிற்காலத்தில் உறுதிப்பட்டது.

இதனிடையே இரண்டு தடைகள் நீங்கின. 1953 ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் யோன் கிபன், இருதயத்தின் தொழிலையும் நுரையீரலின் தொழிலையும் சிறிதுநேரம் தானே ஏற்றுநடத்தும் பொறியைக் கொண்டு முதன்முறையாக வெற்றியுடன் சத்திரசிகிச்சை செய்தார். இருதயத்தை நிறுத்திவைத்துச் சிகிச்சை செய்யும் வாயில் அதனால் திறந்தது. இரண்டாவது தடை, அடைப்பு எவ்விடத்தில் உளது என உயிரோடிருப்பவரிடத்துக் கண்டறிய இயலாமை. அத்தடை தற்செயலான நிகழ்ச்சியொன்றினால் நீங்கிற்று. 1958 ஒக்டோபரில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளரின் வால்வினைப் பரிசோதிக்கையில், குழாயின் நுனி எதிர்பாராது வலது முடியுருநாடியினுள் நழுவ, எக்ஸ் கதிருக்குப் புலனாகும் திரவம் அந்நாடியை நிறைத்தது. அவ்வாறு நிகழின் உயிருக்கே தீங்கு நேரும் என்பது அக்கால நம்பிக்கை. இருதயம் சில கணங்கள் நின்றது. நோயாளர் இருமியதும் மீண்டும் துடித்தது. அக்கணத்தில் அஞ்சி நடுங்கிய சோன்ஸ், பின்னர் அதனையே ஒரு பரிசோதனை முறையாக வளர்த்தெடுத்தார். முடியுருநாடிகளைப் படம்பிடிக்கும் கலை இவ்வாறு பிறந்தது.

1960 மே மாதத்தில் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் றொபேட் கெற்ஸ் உள்மார்பு நாடியை முடியுருநாடியோடு இணைத்தார். நோயாளர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1964 இல் லெனின்கிராட் நகரத்தில் வசீலி கொலெசொவ் அவ்விணைப்பைத் தையலினாற் செய்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரத்திற் காலின் நாளத்தைக் கொண்டு ஒரு மாற்றுவழி அமைக்கப்பட்டது. ஆயினும் அச்செய்தி 1973 வரை வெளியிடப்படவில்லை. இவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. இவற்றையொரு முறையான சிகிச்சையாக நிலைநாட்டியவர் ஆர்ஜென்ரீனா நாட்டவராகிய றெனே பவலோரோ ஆவர். 1923 இல் பிறந்த இவர், ஹசின்ரோ அராவுஸ் என்னும் சிற்றூரிற் பன்னிரண்டு ஆண்டுகள் கிராமத்து வைத்தியராகத் தொண்டாற்றியபின், 1962 இல் கிளீவ்லண்டுக்குச் சென்றார். சோன்ஸ் எடுத்த படங்களை நாள்தோறும் ஆராய்ந்த அவர், 1967 மே மாதம் 9 ஆம் நாள், வலது முடியுருநாடி அடைபட்டிருந்த 51 வயதுப் பெண்ணொருத்திக்குக் காலின் நாளத்தைக்கொண்டு சத்திரசிகிச்சை செய்தார். சில நாட்களின் பின் எடுத்த படத்தில் குருதி தடையின்றி ஓடுதல் தெரிந்தது. சில ஆண்டுகளுள் அச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. பவலோரோ 1971 இல் தாய்நாடு திரும்பி, 2000 இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

நாளம் நாடியாகுமோ?

சிகிச்சை பரவியபின் சில ஆண்டுகளிலேயே அதன் எல்லையும் புலப்படலாயிற்று. நாளம் என்பது தாழ்ந்த அமுக்கத்தில் குருதியைச் சுமப்பதற்கு இயற்கை படைத்த மெல்லிய குழாய். நாடியோ இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பின் விசையையும் தாங்குமாறு தசைவலிமை பெற்றது. காலில் அமைதியாக இருந்த நாளத்தைக் கொணர்ந்து பெருநாடியின் அமுக்கத்துக்கு உள்ளாக்கும்போது, அதன் உட்சுவர் அத்தாக்குதலுக்குத் தன்னை ஏற்றவாறு தடிப்பேற்றிக் கொள்கின்றது. முதல் மாதத்தில் குருதிக்கட்டியினாலும், முதல் ஆண்டில் உட்சுவர் தடித்தலினாலும், அதன் பின்னர் கொழுப்புப் படிதலினாலும் அடைப்பு உண்டாகின்றது. இறுதியிற் கூறிய மாற்றம், முதலில் முடியுருநாடியை அடைத்த அதே நோயாகும். புதிய வழியிலும் பழைய பகைவனே வந்து நிற்கின்றான்.

இதனை எண்ணிக்கையாற் காட்டிய ஆராய்ச்சிகள் பல. கனடாவின் ஒற்றாவா நகரத்தில் 1388 நோயாளரின் 5065 பொருத்துகளை 25 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1996 இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, நாளப் பொருத்துகளுள் ஓராண்டின் பின் நூற்றுக்கு 81 உம், ஐந்தாண்டின் பின் 75 உம், பதினைந்தாண்டும் அதற்கு மேலும் கழிந்தபின் 50 உம் திறந்திருந்தன. பாதி வழிகள் அடைபட்டன என்று இதனைக் கொண்டு வருந்துவோரும் உளர். பதினைந்தாண்டின் பின்னும் பாதி வழிகள் திறந்திருந்தன என்று கொள்வோரும் உளர். இரண்டும் உண்மையே. இவ்வழிகள் என்றும் நிலைப்பன என எவரும் உறுதி கூறுதற்கில்லை என்பதே இவற்றால் அறியப்படுவது.

இதே காலத்தில் உள்மார்பு நாடியின் பெருமை மீண்டும் விளங்கிற்று. 1968 இல் நியூயோர்க் நகரத்து ஜோர்ஜ் கிறீன் உருப்பெருக்கியின் துணைகொண்டு அந்நாடியை இடதுபுறத்து முன்னிறங்கு கிளையோடு இணைத்தார். நேரமும் நுட்பமும் மிகுதியும் வேண்டிய அம்முறையை அந்நாளிற் பலர் விரும்பினாரல்லர். 1986 இல் கிளீவ்லண்டைச் சேர்ந்த புளொயிட் லூப்பும் துணைவரும் 5931 நோயாளரின் பத்தாண்டு வரலாற்றை ஆராய்ந்து, நாளம் மாத்திரம் பொருத்தப்பட்டோருக்கு, உள்மார்பு நாடி பொருத்தப்பட்டோரைக் காட்டிலும் இறக்கும் அபாயம் 1.61 மடங்கு எனக் காட்டினர். அதன் பின்னரே உள்மார்பு நாடியைப் பயன்படுத்தல் பொது விதியாயிற்று. பத்தாண்டின் பின்னும் அந்நாடிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறளவில் திறந்திருத்தல் பல இடங்களிலும் கண்ட உண்மை. பழுதெனக் கண்டதனையே பாடமாகக் கொண்டு சிகிச்சை திருத்தம் பெற்றமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடைப்பு மீண்டபோது

மீளடைப்புக்கு முதலிற் காணப்பட்ட பரிகாரம் இரண்டாம் முறையும் மார்பைத் திறத்தலேயாகும். முதற் சிகிச்சையின் வடுக்களால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தலானும், நோயாளர் முதுமை எய்தியிருத்தலானும் அது முன்னதிலும் அபாயம் மிக்கது. இந்நிலையில் வேறொரு திசையிலிருந்து உதவி வந்தது. 1977 செப்ரெம்பர் 16 ஆம் நாள், சூரிச் நகரத்தில் அன்றெயாஸ் குறுன்ற்சிக், குழாயின் நுனியிலமைந்த சிறு பலூனை முடியுருநாடியினுள் விரித்து அடைப்பை நெரித்துத் திறந்தார். மார்பைப் பிளவாது நாடியைத் திறக்கும் இம்முறையிலும் மீளச் சுருங்கும் குறை இருந்தது. அதனைத் தடுத்தற்பொருட்டு, ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழல் 1986 இல் பிரான்சில் ஜாக் புவெல் என்பவராலும் சுவிற்சர்லாந்தில் உல்றிச் சிக்வாட் என்பவராலும் மனிதரிடத்துப் பொருத்தப்பட்டது. வலைக்குழலினுள்ளும் இழையம் வளர்ந்து அடைத்தல் கண்டு, அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து பூசிய வலைக்குழல்கள் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தன. ஒவ்வொரு திறப்பின் பின்னும் ஓர் அடைப்பும், ஒவ்வோர் அடைப்பின் பின்னும் ஒரு புதிய திறப்புமாக இவ்வரலாறு நடைபெற்றுள்ளது.

அமெரிக்க முன்னாட் சனாதிபதி பில் கிளின்ரனின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். 2004 செப்ரெம்பரில் அவருக்கு நான்கு மாற்றுவழிகள் அமைக்கப்பட்டன. ஆறாண்டு நிறையுமுன், 2010 பெப்ருவரியில் மீண்டும் நெஞ்சில் இடர் தோன்றியது. பரிசோதித்தபோது பொருத்துகளுள் ஒன்று முற்றாக அடைபட்டிருந்தது. வைத்தியர் அடைபட்ட பொருத்தினைத் திறக்க முயலாது, இயற்கையான பழைய நாடியையே திறந்து அதில் இரண்டு வலைக்குழல்களை வைத்தனர். புதிய வழி கெட்டவிடத்துப் பழைய வழியையே செப்பனிட்டுப் பயன்படுத்திய இம்முறை இன்று பல வைத்தியசாலைகளிலும் கையாளப்படுகின்றது. முதுமையடைந்த நாளப் பொருத்தில் படிந்துள்ளவை நொய்தாக உதிர்ந்து கீழேயுள்ள சிறு கலன்களை அடைத்தல் கூடுமாதலின், இயலுமிடத்து இயற்கை நாடியையே நாடுவர். எல்லா அடைப்புகளுக்கும் திறப்பு வேண்டுவதுமில்லை. மருந்தினால் நோவு தணிந்து வாழ்வோரும் மிகப் பலர்.

வேரை நாடிய முயற்சி

வழி சமைத்தலும் வழி திறத்தலும் நோயின் விளைவைத் தீர்ப்பனவேயன்றி அதன் வேரைத் தீண்டுவனவல்ல. வேரினை ஆராயும் முயற்சி 1948 இல் அமெரிக்காவின் பிறேமிங்காம் நகரத்திற் தொடங்கியது. 5209 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த அவ்வாய்வு, உயர்ந்த குருதி அமுக்கமும், குருதியில் மிக்க கொலஸ்திரோலும், புகைத்தலும் நோய்க்கு ஏதுவாதலைப் புலப்படுத்தியது. 1953 இல் ஜெரமி மொறிஸ், இலண்டன் நகரத்து பஸ் வண்டிகளில் அமர்ந்தே தொழில் செய்யும் சாரதிகளைவிட, மாடிப்படிகளில் ஏறியிறங்கும் நடத்துநரிடத்து இந்நோய் குறைவு எனக் காட்டினார். யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பூஞ்சணத்தினின்றும் கொலஸ்திரோலைக் குறைக்கும் பொருளொன்றை 1970 களிற் கண்டார். ஸ்டேட்டின் என்னும் மருந்துவகைக்கு அதுவே மூலமாயிற்று. 1994 இல் வெளியான ஸ்கந்திநேவிய ஆய்வு, இருதய நோயுற்ற 4444 பேரிடத்து இம்மருந்து இறப்பை நூற்றுக்கு 30 பங்கு குறைத்தமையை நிறுவிற்று.

மாற்றுவழி பெற்றோர்க்கு நேரே பொருந்தும் சான்றும் உண்டு. நாளப் பொருத்துடைய 1351 பேரை ஆராய்ந்து 1997 இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், கொலஸ்திரோலை மிதமாகக் குறைத்தோரின் பொருத்துகளுள் நூற்றுக்கு 39 இல் நோய் முதிர்ந்தது. வன்மையாகக் குறைத்தோரிடத்து அது 27 ஆகக் குறைந்தது. மருந்து பொருத்தினை அழியாததாக்கவில்லை. அதன் அழிவைத் தாழ்த்தியது. அஸ்பிரினின் பயனும் அத்தகையதே. புகைத்தலைக் கைவிடுதல், நடத்தல், நீரிழிவையும் குருதி அமுக்கத்தையும் கட்டுப்படுத்தல் ஆகியவை எளியன போலத் தோன்றினும், சத்திரவைத்தியர் ஒருநாளிற் செய்ததனைப் பல்லாண்டு காப்பன அவையே. முதற் சிகிச்சையின் பின் நலமுற்றேன் எனக் கருதி மருந்தைக் கைவிடுவோரும், புகைத்தலுக்கு மீள்வோரும், பகைவன் வாயிலில் நிற்கக் கதவைத் திறந்துவைத்து உறங்குவோரை ஒப்பர்.

உள்ளத்தின் பங்கு

மீளடைப்பு உடலை மாத்திரம் தாக்குவதன்று. முதன்முறை நோயுற்றவனுக்குச் சிகிச்சை என்னும் நம்பிக்கை முன்னே நிற்கின்றது. இரண்டாம் முறை நோயுறுபவனோ அந்நம்பிக்கையே தன்னைக் கைவிட்டதாக எண்ணித் தளர்கின்றான். சிலர் நோவினை வீட்டாரிடத்தும் மறைக்கின்றனர். அது பேரிடர் விளைக்கும். மொன்றியால் நகரத்தில் 222 நோயாளரை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட முடிவின்படி, இருதயத் தாக்கின் பின் மனச்சோர்வுற்றோர் அடுத்த ஆறு மாதத்துள் இறத்தல் ஏனையோரிலும் மிகுதியாயிருந்தது. ஆதலின் மனச்சோர்வினை மெலிந்த உள்ளத்தின் குறையெனக் கொள்ளாது, சிகிச்சைக்குரிய ஒரு நோய்க்கூறாகக் கொள்ளல் வேண்டும். 1951 இல் பொஸ்ரன் நகரத்தில் டுவைற் ஹாக்கன் என்னும் வைத்தியரின் நோயாளர் நால்வர், தம்மைப்போற் சிகிச்சை பெறவிருப்போரைக் கண்டு தேற்றும் பொருட்டுச் சங்கமொன்றை அமைத்தனர். துன்பத்தைக் கடந்தவனது சொல், துன்பத்திலுள்ளானுக்கு மருந்தாதலை அவர் அறிந்திருந்தனர்.

நெடுங்காலம் இந்நோயோடு வாழ்ந்தமைக்கு அமெரிக்க முன்னாள் உபசனாதிபதி டிக் செய்னியின் வாழ்க்கை சான்றாகும். அவரது அரசியலைப் போற்றுவோரும் தூற்றுவோரும் உளர். ஈண்டு வேண்டுவது அவரது நோய் வரலாறே. 1978 இல், 37 ஆம் வயதில், முதற் தாக்கு நேர்ந்தது. 1984 இலும் 1988 இலும் அது மீண்டது. 1988 இல் நான்கு மாற்றுவழிகள் அமைக்கப்பட்டன. 2000 நவம்பரில் மீண்டும் தாக்குற்று வலைக்குழல் பெற்றார். சில மாதங்களில் அதுவும் சுருங்க, 2001 மார்ச்சில் மீளவும் திறக்கப்பட்டது. 2010 இல் இருதயத்துக்குத் துணைசெய்யும் பொறி பொருத்தப்பட்டது. 2012 மார்ச்சில் மாற்றிருதயம் பெற்றார். 2025 நவம்பரில், 84 ஆம் வயதில் காலமானார். அவர் நோயுற்ற 1978 இல், பலூன் முறை தோன்றி ஓராண்டே ஆகியிருந்தது. வலைக்குழலும் ஸ்டேட்டினும் அன்று வழக்கிலில்லை. ஒவ்வொரு சிகிச்சையும் அவருக்குத் தந்த ஆண்டுகள், அடுத்த சிகிச்சை உருவாகுங்காறும் அவரை வாழவைத்தன. எல்லார்க்கும் அத்தகைய வசதிகள் கிட்டுவதில்லை என்பதும் மறுக்கவொண்ணாதது. எனினும், அவ்வரலாற்றின் அடிப்படை உண்மை எளியோர்க்கும் பொருந்தும். சிகிச்சை தருவது முடிவான குணமன்று. அது தருவது காலம். அக்காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது பெரிதும் நோயாளர் கையிலும் அவரைச் சூழ்ந்தோர் கையிலும் உளது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். மாற்றுவழிச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை நோக்குவோர், அதன் தொடக்கத்தில் வைத்தியனே முதன்மை பெற்றிருந்தமையையும், மீளடைப்புகள் தோன்றிய பின்னர் ஏனைய மூன்று கூறுகளும் தத்தம் இடத்தைப் பெற்றமையையும் காண்பர். மருந்து பொருத்தினைக் காத்தது. நோயுற்றவன் தன் நடையாலும் உணவாலும் ஒழுக்கத்தாலும் அதனைக் காத்தான். அருகிருந்தோர் அவனது உள்ளத்தைக் காத்தனர். பத்தாண்டின் பின் மீண்டும் நெஞ்சு நோவுறுபவன், அன்று செய்த சிகிச்சை வீணாயிற்றோ என வினவின், அவனுக்குரிய விடை இதுவே: வீணாகவில்லை, அச்சிகிச்சை தான் தருவதாகக் கூறிய காலத்தைத் தந்துவிட்டது. அக்காலத்துள் புதிய வழிகள் பிறந்துள்ளன. அவற்றை நாடும் துணிவினையும், நோவினை மறைக்காது உரைக்கும் நேர்மையையும் இழவாதவனே இந்நோயோடு நெடிது வாழ வல்லவனாவான்.